தேர்வைத் தேர்ந்தெடுப்பது யார்?

சென்ற மாதம் நம் சங்கக் கட்டடத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து எழுந்த ஒரு குரல் இன்னும் நம் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. தாராவியில் விடியற்காலை மூன்று மணிக்கு இட்லி அவிக்கத் தொடங்கி, பத்து மணிக்குள் தெருத்தெருவாகச் சுமந்து விற்று முடிப்பவர் அவர். "நீட்டுங்காங்க, ஜே.இ.இ.ங்காங்க, சி.இ.டி.ங்காங்க. எம் பிள்ள எதத்தான் எழுதட்டும் அண்ணாச்சி? ஒண்ணச் சொல்லுங்க" என்று கேட்டார்.

மேடையில் நாம் வாய் திறக்கும் முன்பே, முன் வரிசையில் இருந்த பயிற்சி நிலையத்து ஆள் எழுந்து விடை கூறிவிட்டார். "எல்லாத்தையும் எழுதட்டும் சார்! ஒரே பயிற்சி, அஞ்சு தேர்வு." வழவழப்பான தாளில் அச்சிட்ட துண்டறிக்கையையும் அவர் கையில் திணித்தார். இட்லிக்காரர் அதில் இருந்த கட்டணத்தைப் பார்த்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் ஓராண்டு முழுவதும் இட்லி விற்றாலும் அந்தத் தொகை சேராது.

அந்த ஆளை யார் அழைத்தார்கள் என்று கேட்காதீர்கள். நாம்தான் அழைத்தோம். "மாணவர்களுக்கு வழிகாட்டுதல்" என்று அழைப்பிதழில் அச்சிட்டதும் நாம்தான். வழிகாட்ட வந்தவர் கடை விரித்தார், நாம் கைதட்டினோம். இட்லிக்காரரின் கேள்விக்கு அன்று விடை கூறாத கடனை இங்கே தீர்க்க முயல்கிறோம்.

தோழர்களே, "எந்தத் தேர்வு?" என்ற வினாவுக்கு முன்னால் வேறொரு வினா நிற்கிறது. அதைப் பயிற்சி நிலையத்தார் கேட்கமாட்டார்கள். அதற்கு விடை சொல்வதால் அவர்களுக்குக் காசு வராது. உங்கள் பிள்ளை எந்த மாநிலத்துப் பிள்ளை? இதுதான் அந்த வினா.

நீட் தேர்வு நாடு முழுவதற்கும் ஒன்றே என்கிறார்கள். வினாத்தாள் ஒன்றுதான். ஆனால் மதிப்பெண் வந்த பிறகு என்ன நடக்கிறது? அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்தியத் தொகுப்புக்குப் போகிறது. மீதி 85 விழுக்காட்டை அந்தந்த மாநிலம் தன் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்கிறது. அதைத் தவறென்று நாம் கூறவில்லை. மாநில உரிமை என்ற முறையில் வரவேற்கவே செய்கிறோம். ஆனால் "தன் பிள்ளை" என்பதற்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி இலக்கணம் வகுத்திருக்கிறது. மராட்டிய மாநிலம் இருப்பிடச் சான்றிதழ் கேட்பதோடு, 10ஆம் வகுப்பையும் 12ஆம் வகுப்பையும் இம்மாநிலத்திலேயே தேறியிருக்க வேண்டும் என்கிறது. மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகள் முதலிய சிலருக்கே விலக்கு. தமிழ்நாடோ பூர்வீகச் சான்றிதழ் கேட்கிறது. வெளியே படித்த பிள்ளை என்றால் பெற்றோரின் பள்ளிச் சான்று வரை தோண்டி எடுக்கச் சொல்கிறது. இரண்டு மாநிலத்திலும் ஒரே நேரத்தில் உரிமை கோரக்கூடாது என்றும் எழுதி வாங்கிக்கொள்கிறது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? பத்தடிக்குப் பத்தடி அறையில் ஆறு பேர். பிள்ளை படிக்க இடமில்லை. எட்டாம் வகுப்பில் அவனை ஊருக்கு அனுப்புகிறோம். ஆச்சி வீட்டில் தங்கி, திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளியில் 10ஆம் வகுப்பை முடிக்கிறான். பிறகு "மும்பையில்தான் நல்ல கல்லூரி" என்று 11ஆம் வகுப்புக்கு இங்கே கொண்டுவந்து சேர்க்கிறோம். இரண்டு ஊரின் நன்மையும் கிடைத்துவிட்டது என்று நமக்கு மகிழ்ச்சி. நீட் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறான். அப்போது இங்கே உள்ளவர்கள், "உன் 10ஆம் வகுப்பு வெளிமாநிலம்" என்கிறார்கள். அங்கே உள்ளவர்கள், "உன் 12ஆம் வகுப்பு வெளிமாநிலம், பூர்வீகத்தை நிறுவு" என்கிறார்கள். கலந்தாய்வு தொடங்கப் பத்து நாள் இருக்கையில் தந்தை வட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்கிறார். இது ஒரு வீட்டுக் கதையல்ல. நம் சங்க உறுப்பினர்களிலேயே இப்படி நின்றவர்களை நாம் அறிவோம். தேர்வில் தோற்றிருந்தால் படிக்கவில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளலாம். ஊர் மாற்றியதால் தோற்ற பிள்ளையை என்ன சொல்லிக் கடிவது?

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. நம்மில் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த குடும்பங்கள் ஏராளம். தோல் பதனிடவும் துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் இந்த நகருக்கு வந்தவர்களில் அவர்கள் பெரும்பகுதியினர். ஊரில் பட்டியல் சாதி என்று சான்று உண்டு. அந்தச் சான்றைக் கொண்டு மும்பையில் மாநில இடம் கேட்டால் செல்லாது. 1990இல் உச்ச நீதிமன்றம் அவ்வாறு தீர்ப்பளித்தது. ஆந்திரத்தில் பழங்குடி என ஏற்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த மாணவர் ஒருவர், தந்தையின் வேலை மாற்றத்தால் ஒன்பது வயதில் பம்பாய்க்கு வந்து, இங்கேயே படித்து, இங்குள்ள மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட வழக்கு அது. ஒரு மாநிலத்தில் பெற்ற தகுதியை இன்னொரு மாநிலத்துக்கு எடுத்துச்செல்ல முடியாது என்றது நீதிமன்றம். 1994இலும் 2018இலும் அரசியல் சாசன அமர்வுகள் அதே கொள்கையையே உறுதி செய்தன. பட்டியல் சாதியினர் என்றால், 1950 ஆகஸ்டு 10ஆம் நாளில் குடும்பம் எங்கே குடியிருந்தது என்பதே அலுவலகத்தில் கேட்கப்படும் கேள்வி. 1955இல் பாட்டனார் ரயிலேறி வந்தார். தந்தை தாராவியில் பிறந்தார். மகளும் தாராவியில் பிறந்தாள். இழிவு மட்டும் ரயிலில் கூடவே வந்தது. அதற்கான ஈடு ஊரிலேயே இறங்கிவிட்டது!

ஆகவே, பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டும் முன்பு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள் என்கிறோம். அகில இந்தியத் தொகுப்பில் மத்திய அரசுப் பட்டியல்படி உங்கள் சான்று செல்லும். அந்த 15 விழுக்காடு உங்களுக்குத் திறந்திருக்கிறது. மாநில 85இல் நீங்கள் எந்த வரிசையில் நிற்பீர்கள் என்பதை 9ஆம் வகுப்பிலேயே அறிந்துகொண்டால்தான் எந்தத் தேர்வுக்கு உழைப்பது என்று முடிவு செய்ய முடியும்.

மும்பையில் தமிழ் இல்லையாம்!

இனி மொழிக்கு வருவோம். நீட் தேர்வு தமிழ் உட்பட 13 மொழிகளில் நடக்கிறது. ஜே.இ.இ. முதல்நிலைத் தேர்வும் 2021 முதல் 13 மொழிகளில் நடக்கிறது. இதைக் கேட்டு நாமும் மகிழ்ந்தோம். விதிக் குறிப்பேட்டின் உள்ளே போய்ப் பார்த்த பிறகே உண்மை விளங்கியது. ஆங்கிலம், இந்தி, உருது ஆகியவை நாடெங்கும் உள்ள மையங்களில் கிடைக்கும். தமிழ் வேண்டும் என்றால் தமிழ்நாடு, அதைச் சார்ந்த பகுதிகளின் மையத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மும்பை மையத்தில் தமிழ் கிடையாது.

இந்த நகரத்தின் மாநகராட்சி தன் பள்ளிகளை 8 மொழிகளில் நடத்துகிறது. அவற்றில் தமிழும் ஒன்று. மாநகராட்சியே தமிழ்ப் பாடநூல் கொடுத்து, தமிழில் அறிவியல் கற்பித்து அனுப்பிய பிள்ளைக்கு, "இந்நகரில் தமிழ் என்ற மொழி வழக்கில் இல்லை" என்று தேர்வு முகமை சொல்கிறது. நமக்கு மட்டுமா? மாநகராட்சிப் பள்ளிகளில் படிக்கும் கன்னடப் பிள்ளைக்கும் தெலுங்குப் பிள்ளைக்கும் குசராத்திப் பிள்ளைக்கும் இதே கதிதான்.

"அவர்கள்தான் 11, 12ஆம் வகுப்பை ஆங்கிலத்தில் படிக்கிறார்களே, தமிழ்த்தாள் எதற்கு?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்களுக்கு அப்படித் தோன்றலாம். பத்து ஆண்டு விசை, முடுக்கம், ஒளிச்சேர்க்கை என்று படித்துவிட்டு, இரண்டே ஆண்டு ஆங்கிலத்தில் படித்த பெண்ணைக் கேளுங்கள். கணக்கு அவளுக்குத் தெரியும். வினா வாக்கியம் எங்கே திரும்புகிறது, "அல்லாத" என்கிறதா "ஆன" என்கிறதா என்று பிடிப்பதற்குள் நிமிடம் ஓடிவிடுகிறது. 180 நிமிடத்தில் 180 வினா. வட்டார மொழியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு நீட் வினாத்தொகுப்பு அம்மொழியிலும் ஆங்கிலத்திலும் பக்கத்துப் பக்கமாகவே அச்சாகிறது. அவளுக்கு வேண்டியது அதுதான். ஐயம் வரும் இடத்தில் தமிழைப் பார்த்துக்கொண்டு மீதியை ஆங்கிலத்தில் படித்துவிடுவாள். அந்த உதவி திருநெல்வேலியில் உண்டு. அவள் பிறந்த மும்பையில் இல்லை!

அப்படியானால் திருநெல்வேலிக்குப் போய் எழுதட்டுமே என்பீர்கள். நீட் நடப்பது மே மாதத்தின் முதல் ஞாயிறு. மும்பையிலிருந்து தெற்கே போகும் ரயிலில் மே மாதம் இடம் பிடிப்பது எப்படிப்பட்ட பாடு என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி விடுமுறை, கொடை விழா, கலியாணம் எல்லாம் அப்போதுதான். ஒன்றரை நாள் பயணம் செய்து, வெயிலில் இறங்கி, மறுநாள் தேர்வு மையத்தில் நின்றால் இயற்பியல் நினைவுக்கு வருமா? துணைக்குப் போகும் தந்தைக்கு ஒரு வாரக் கூலி போகும். 2018இல் தமிழ்நாட்டு மாணவர் பலருக்கே கேரளத்திலும் இராசசுதானிலும் மையம் ஒதுக்கினார்கள். மகனை எர்ணாகுளத்துக்கு அழைத்துச் சென்ற தந்தை ஒருவர் மகன் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோதே அங்கே உயிர் நீத்தார். அன்று நாடே அதைப் பேசியது. அத்தகைய பயணத்தைத்தான் ஆண்டுதோறும் நம் பிள்ளைகளிடம் விதி கேட்கிறது.

அச்சிடுவதில் சிக்கல் என்பார்கள். நீட் தாள் அச்சிடப்படுவது. ஆகவே அந்தச் சாக்கைப் பாதி ஏற்றுக்கொள்வோம். ஜே.இ.இ. கணினித் திரையில் அல்லவா நடக்கிறது? மதுரையில் திரையில் தோன்றும் தமிழெழுத்து மும்பைத் திரையில் தோன்ற மறுக்கிறதா? எந்த லாரியில் ஏற்ற வேண்டும்? எந்தப் பெட்டகத்தில் பூட்ட வேண்டும்? இதற்குத் தேசியத் தேர்வு முகமை விடை கூறட்டும். இன்னொன்றையும் கூறட்டும்: முதல்நிலைத் தேர்வில் 13 மொழி கொடுத்தவர்கள், ஐ.ஐ.டி.க்குள் நுழைவதற்கான அடுத்த நிலைத் தேர்வை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நடத்துவது ஏன்? முதல் வாசலில் வரவேற்ற தமிழை இரண்டாம் வாசலில் செருப்போடு கழற்றி வைக்கச் சொல்வது எந்த நியாயம்?

தமிழ்த்தாள் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் மயங்கவில்லை. 2018 நீட் தமிழ்த்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போயிற்று. வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்து, பின்னர் நீக்கியது. ஐயம் எழுந்தால் ஆங்கிலப் பதிப்பே இறுதி என்ற விதி இன்றும் இருக்கிறது. ஆகவே தமிழும் வேண்டும், அது பிழையற்ற தமிழாகவும் வேண்டும் என்கிறோம்.

சரி, எதை எழுதுவது?

இட்லிக்காரர் கேட்ட கேள்விக்கு நேராகவே விடை சொல்லிவிடுகிறோம். ஏற்காதவர்கள் மறுத்து எழுதுங்கள், வெளியிடுவோம்.

பொறியியலோ மருந்தியலோ படிக்க விரும்பும் பிள்ளை, மராட்டிய மாநிலப் பாடத்திட்டத்தில் படித்து, இங்கே இருப்பிட உரிமையும் உடையவராக இருந்தால், முதலில் மாநில சி.இ.டி.யைக் குறியாகக் கொள்ளட்டும். அதன் வினாக்கள் மாநிலப் பாடநூலை ஒட்டியவை. 11ஆம் வகுப்பிலிருந்து 20 விழுக்காடு, 12ஆம் வகுப்பிலிருந்து 80 விழுக்காடு என்று அறிவித்தே கேட்கிறார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. பள்ளிப் பாடத்தைப் படிக்கும் பிள்ளை தேர்வுக்கும் சேர்த்தே படித்தாகிறது. இதிலும் தமிழ் இல்லை என்பதை மறைக்கவில்லை. ஆனால் தெரிந்த நூலின் வாக்கியங்களே வருவதால் மொழிச்சுமை குறைவு. ஜே.இ.இ.யோ வேறு பாடத்திட்டம், வேறு வேகம். சரியான விடைக்கு 4, தவறினால் 1 போய்விடும். அதை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. கணிதத்தில் உண்மையான பற்றுள்ள பிள்ளை எழுதட்டும், வெல்லட்டும். ஆனால் மாலையில் மாவு அரைத்துக்கொடுத்துவிட்டு இரவு பதினொரு மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளையின் இரண்டு ஆண்டுகளை, "ஐ.ஐ.டி.க்குத் தயாராகிறான்" என்று அண்டை வீட்டில் சொல்லிக்கொள்வதற்காகப் பறித்துவிடாதீர்கள்.

இந்த மோகத்தில் நமக்கும் பங்கு உண்டு. ஆண்டுதோறும் இதே ஏட்டின் கடைசிப் பக்கத்தில் ஐ.ஐ.டி.யிலும் மருத்துவத்திலும் இடம் பெற்றவர்களின் படம் போடுகிறோம். சி.இ.டி. எழுதி அரசுப் பாலிடெக்னிக்குக்குப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த தாராவிப் பெண்ணின் படத்தை எந்த ஆண்டு போட்டோம்?

எந்தத் தேர்வு சிறந்தது என்பதில் மேலிடத்திலேயே தெளிவில்லை என்பதும் நினைவிருக்கட்டும். இதே மராட்டிய மாநிலம் 2014, 2015 ஆகிய ஈராண்டுகளில் பொறியியல் சேர்க்கைக்கு ஜே.இ.இ.யை ஏற்றுக்கொண்டது, 2016இல் மீண்டும் சி.இ.டி.க்கே திரும்பியது. தமிழ்நாட்டில் 1984இல் நுழைவுத் தேர்வு கொண்டுவந்தார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 2007-08 முதல் எடுத்துவிட்டார்கள். அங்கே பொறியியலுக்கு இன்று 12ஆம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பூர்வீகச் சான்றிதழ் உள்ள மும்பைத் தமிழ்ப் பிள்ளையும் அங்கே விண்ணப்பிக்கலாம். பிற வாரியத்து மதிப்பெண்ணைச் சமன்செய்து எடுத்துக்கொள்ளச் சட்டமே வழி செய்திருக்கிறது. நுழைவுத் தேர்வே எழுதாமல் பொறியியல் படிக்க ஒரு வாசல் திறந்திருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? துண்டறிக்கையில் அது இல்லை. இருக்கவும் இருக்காது.

மருத்துவம் என்றால் நீட் தவிர வேறு வழியில்லை. "தேர்வு நடுநிலையானது, திறமை மட்டுமே அளக்கப்படுகிறது" என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. 2024 ஜூன் 4இல் வெளிவந்த முடிவில் 67 பேர் 720க்கு 720 என்றார்கள். நேரம் இழந்ததாகச் சொல்லி 1,563 பேருக்குக் கொடுத்த கருணை மதிப்பெண்ணைப் பிறகு திரும்பப் பெற்று, மறுதேர்வு வைத்தார்கள். ஓர் இயற்பியல் வினாவின் விடையையும் மாற்றினார்கள். முழு மதிப்பெண் பெற்றவர்கள் 17 ஆனார்கள். வினாத்தாள் கசிந்ததை உச்ச நீதிமன்றமே ஏற்றது. ஆனால் தேர்வு முழுவதையும் நீக்கும் அளவுக்கு அது பரவவில்லை என்றது. அளவுகோலே இப்படி நீண்டு சுருங்கினால் அளக்கப்படும் திறமையை என்னென்பது?

சென்னையில் உள்ள தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீட் விலக்குக்காகத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2017இலும் 2021இலும் சட்ட முன்வரைவு நிறைவேற்றியது. 2021இன் முன்வரைவை ஆளுநர் திருப்பியனுப்ப, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றி அனுப்பினார்கள். குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அந்தக் குரலோடு நாமும் நிற்கிறோம். ஆனால் அந்த விலக்கு கிடைத்திருந்தாலும் அது தமிழ்நாட்டு இடங்களுக்குத்தான். மராட்டியத்தில் குடியுரிமை பெற்ற தாராவித் தமிழ்ப்பெண் அப்போதும் நீட் எழுதியே ஆகவேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் தமிழ்நாடு கொடுத்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் அங்கே 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கே. மும்பை மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் படித்த ஏழைப் பிள்ளை அதில் வரமாட்டாள். உலகத் தமிழர் என்று மேடையில் முழங்கும்போது கடல் கடந்த தமிழர் நினைவுக்கு வருகிறார்கள். ரயிலில் ஒன்றரை நாள் தொலைவில் உள்ள தமிழர் ஏன் வருவதில்லை? பூர்வீகம் நிறுவக்கூடிய, வெளிமாநில அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழில் படித்த பிள்ளைகளை அந்த 7.5க்குள் சேர்ப்பது பற்றி ஆராயுங்கள் என்று கேட்கிறோம். எண்ணிக்கையில் அவர்கள் மிகச் சிலரே. உள்ளூர்ப் பிள்ளையின் இடத்தைப் பறித்துவிடமாட்டார்கள்.

தேர்வு முகமைக்கு நம் கோரிக்கை ஒன்றே. மும்பை, பெங்களூரு, தில்லி ஆகிய நகரங்களில் ஒவ்வொரு மையத்திலாவது நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் தமிழ் வேண்டும். தில்லியில் தமிழ்க் கல்விக் கழகம் 7 பள்ளிகள் நடத்துகிறது. அவர்களோடும், இங்குள்ள கன்னட, தெலுங்கு, குசராத்திச் சங்கங்களோடும் சேர்ந்து கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறோம்.

இனி நம் கட்டடத்தில் பயிற்சி நிலையத்தாரின் மேசை இருக்காது. அந்த இடத்தில் ஞாயிறுதோறும் காலை 10 முதல் 1 மணி வரை சான்றிதழ் மேசை இருக்கும். 9ஆம் வகுப்பிலோ 10ஆம் வகுப்பிலோ பிள்ளை உள்ளவர்கள் வாருங்கள். 12ஆம் வகுப்பு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வரும்போது பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ்கள், குடும்ப அட்டை, தந்தையோ தாயோ ஊரில் படித்ததற்கான சான்று, பாட்டனார் காலத்துச் சாதிச் சான்றோ நிலப் பத்திரமோ இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். இட்லிக்காரர் சென்ற ஞாயிறே வந்துவிட்டார். அவர் மகள் மும்பையில் பிறந்து, மும்பையிலேயே 10ஆம் வகுப்பு வரை படித்தவள். இருப்பிடச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். சாதிச் சான்றுக்கு அவர் தகப்பனார் எந்த ஆண்டு வந்தார் என்று தெரியவில்லை. ஊருக்குக் கடிதம் போட்டிருக்கிறார்.